மூலக அட்டவணையின் வெற்றிடங்கள்

உலகத்துப் பொருள்கள் எண்ணிறந்தன. நாம் நிற்கும் மண், அருந்தும் நீர், சுவாசிக்கும் காற்று, உண்ணும் உப்பு, அணியும் பொன் ஆகிய யாவும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றுகின்றன. ஆயினும் இவை அனைத்தும் ஒரு சில மூலகங்களாலும் அவற்றின் சேர்க்கைகளாலும் ஆனவை என்பது இரசாயன நூலின் முதற் பாடம். இன்று அறியப்பட்ட மூலகங்கள் 118. அவற்றை நிரல்பட அமைத்துக் காட்டும் ஆவர்த்தன அட்டவணை தொங்காத இரசாயன ஆய்வுகூடம் இல்லையெனலாம்.

மாணவர் பலர் இவ்வட்டவணையை வாய்பாட்டைப் போல மனனஞ் செய்கின்றனர். ஐதரசன், ஈலியம், இலிதியம் என்று தொடங்கிக் கல்சியம் ஈறாக இருபது பெயர்களை ஒப்புவிக்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் அறிந்து முடித்தபின் வரைந்த பட்டியல் இது என்ற எண்ணமே இதற்குக் காரணம். வரலாறு கூறுவதோ வேறு. இவ்வட்டவணை பிறந்த நாளில் அதில் வெறுமையாக விடப்பட்ட கட்டங்கள் சில இருந்தன. அவ்வெற்றிடங்களே அதற்குப் பெருமை தேடித் தந்தன. அந்த வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொருள்களை வகுத்துக் காணும் ஆவல் மிகப் பழையது. நம் முன்னோர் நிலம், நீர், தீ, வளி, வான் என ஐந்தாக வகுத்தனர். கிரேக்கர் நான்கு என்றனர். இவை மனிதன் தன் புலன்களால் உலகை உணர்ந்து வகுத்தவை. தராசின் துணைகொண்டு வகுக்கும் முறை பிற்காலத்தது. பிரான்சு தேசத்து இலவோசியர் 1789ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மேலும் பகுக்க முடியாத பொருள்கள் என முப்பத்து மூன்றினைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒளியும் வெப்பமுங்கூட இடம்பெற்றன! பின்னர் இங்கிலாந்தில் தோற்றன் என்பார், ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் தனக்கே உரிய நிறை உண்டு என்னும் கொள்கையை நிறுவினார். அன்றுதொட்டு அணுநிறையைக் கணிப்பது இரசாயன அறிஞரின் பெரும்பணியாயிற்று.

அணுநிறைகளுக்கும் மூலகங்களின் குணங்களுக்கும் ஏதோ ஓர் உறவு உண்டு என்பதை முதலிற் கண்டவர்களுள் ஒருவர் ஜேர்மனியரான டோபரைனர். 1829இல் அவர் ஒத்த குணமுள்ள மூலகங்களை மும்மூன்றாகச் சேர்த்துக் காட்டினார். இலிதியம், சோடியம், பொற்றாசியம் ஆகிய மூன்றும் நீரோடு தாக்கமுறும் மென்மையான உலோகங்கள். அவற்றின் அணுநிறைகள் முறையே ஏறக்குறைய 7, 23, 39. முதலதையும் ஈற்றதையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் நடுவில் நிற்பதன் அணுநிறை கிடைக்கிறது. கல்சியம் 40, திரந்தியம் 88, பேரியம் 137 என்பனவும் இவ்வாறே அமைகின்றன. இது தற்செயலாக நேர்ந்ததா, அன்றி ஆழ்ந்த விதியொன்றின் வெளிப்பாடா என்பது அன்று எவருக்கும் புலப்படவில்லை.

புலப்படாமைக்குக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் அணுநிறைகளே ஆளுக்கொரு விதமாகக் கணிக்கப்பட்டன. ஒட்சிசனின் அணுநிறை 8 என்பார் ஒருசாரார். 16 என்பார் மற்றொரு சாரார். இக்குழப்பத்தைத் தீர்க்க 1860ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஜேர்மனியிலுள்ள காள்ஸ்றூ நகரில் இரசாயன அறிஞர் மகாநாடு ஒன்று கூடியது. அங்கே இத்தாலியரான கனிசாரோ, அணுநிறைகளைத் துணிவதற்கு ஐயமற்ற வழியொன்றை எடுத்துரைத்தார். அம்மகாநாட்டில் இருந்த இளைஞர்களுள் இருவரை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஒருவர் ஜேர்மனியரான இலோதர் மேயர். மற்றவர் உருசியரான மெண்டலீவ்.

இதற்கிடையில் இலண்டன் மாநகரில் நியூலண்ட்ஸ் என்பவர் மூலகங்களை அணுநிறையின் ஏறுவரிசையில் எழுதிப் பார்த்தார். ஒவ்வோர் எட்டாவது மூலகத்திலும் முன்னைய குணங்கள் திரும்பத் தோன்றுவதைக் கண்டார். சங்கீதத்தில் ஏழு சுரங்கள் முடிந்தபின் மீண்டும் சட்சமம் ஒலிப்பதை ஒத்திருந்தமையால் இதற்கு எட்டாஞ்சுர விதி என்று பெயரிட்டார். 1866இல் இலண்டன் இரசாயனச் சங்கத்தில் இதனை அவர் வாசித்தபோது, பேராசிரியர் ஒருவர் எழுந்து, “மூலகங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டா?” என்ற கருத்துப்பட வினவினார். அவருடைய கட்டுரையைச் சங்கம் வெளியிடவுமில்லை. இளம் ஆராய்ச்சியாளனுக்கு ஏளனத்தை விடக் கொடிய தண்டனை ஏது? எனினும் நடுநிலையில் நின்று நோக்கின் அவருடைய அட்டவணையில் உண்மையான குறையொன்றும் இருந்தது. அன்று அறியப்பட்ட மூலகங்களை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கியமையால், கல்சியத்துக்கு அப்பால் அவ்வொழுங்கு குலைந்தது. கோபாற்றையும் நிக்கலையும் ஒரே கட்டத்தில் அடைக்க நேர்ந்தது. இன்னும் அறியப்படாத மூலகம் ஒன்று வந்தால் அதற்கு இடமில்லை. இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1887இல், இலண்டன் றோயல் சங்கம் அவருக்குத் தேவி பதக்கம் அளித்துக் கௌரவித்தது.

இனி மெண்டலீவின் கதைக்கு வருவோம். அவர் 1834இல் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் என்னும் ஊரிற் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அவர் பிறந்த ஆண்டிலேயே ஆசிரியராயிருந்த தந்தை கண்பார்வை இழந்தார். தாயார் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். அத்தொழிற்சாலையும் 1848இல் தீக்கிரையாயிற்று. மகனின் கல்வியையே குறியாகக் கொண்ட அத்தாய், அவரை அழைத்துக்கொண்டு சைபீரியாவிலிருந்து மொஸ்கோவுக்கும் பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கும் நெடும்பயணம் செய்தார். 1850இல் மகனைக் கல்விநிலையத்திற் சேர்த்த அதே ஆண்டில் அவர் கண்மூடினார். நம் நாட்டிலும் நகையை ஈடுவைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் பலர் உளராதலால், இந்தத் தாயின் உள்ளத்தை நாம் எளிதில் அறிந்துகொள்வோம்.

1867இல் பீற்றர்ஸ்பேர்க்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மெண்டலீவ், மாணவர்க்கென இரசாயனப் பாடநூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். அறுபத்து மூன்று மூலகங்களை எந்த ஒழுங்கிற் கற்பிப்பது என்ற வினா எழுந்தது. மாணவர்க்கு விளங்கவைக்க வேண்டும் என்ற ஆசிரியரின் கவலையிலிருந்தே இப்பெருங் கண்டுபிடிப்பு முளைத்தது. 1869இல் அவர் தமது முதல் அட்டவணையை வெளியிட்டார். இலோதர் மேயரும் தனியே இத்தகைய முடிவுக்கு வந்திருந்தார். 1882இல் இருவருக்கும் தேவி பதக்கம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவ்வாறாயின் மெண்டலீவின் பெயர் மட்டும் மேலோங்கி நிற்பதேன்? அவர் தாம் கண்ட விதியை நம்பிய துணிவே காரணம். ஒரு மூலகம் அணுநிறைப்படி தனக்கு ஒவ்வாத கூட்டத்தில் வந்து விழுமாயின், அணுநிறையே பிழை என்றார். பெரிலியத்தின் அணுநிறை 14 அன்று, 9 என்றார். யுரேனியத்தின் அணுநிறை 120 என்று பலர் கொண்டிருக்க, அதனை 240 என இரட்டிப்பாக்கினார். பின்வந்த அளவீடுகள் அவர் பக்கமே நின்றன. எந்த இடத்துக்கும் உரிய மூலகம் கிடைக்காவிடில் அவ்விடத்தை வெறுமையாக விட்டார். “இங்கே ஒரு மூலகம் உண்டு, நாம் இன்னும் அதனைக் காணவில்லை” என்பதே அவ்வெற்றிடத்தின் பொருள்.

காணாத பொருளின் குணத்தை எவ்வாறு கூறுவது? அதற்கு அயலவரை விசாரித்தார். சிலிக்கனுக்குக் கீழே ஓரிடம் வெறுமையாயிருந்தது. அதற்கு மேலே சிலிக்கன் 28; கீழே வெள்ளீயம் 118; ஒரு பக்கத்தே நாகம் 65; மறுபக்கத்தே ஆசனிக்கு 75. நான்கையும் கூட்டி நான்காற் பிரித்தால் எழுபத்தொன்றரை வருகிறது. மெண்டலீவ் அதன் அணுநிறை ஏறக்குறைய 72 என்றார். அடர்த்தி 5.5 என்றும், வலுவளவு நான்கு என்றும், அதன் குளோரைட்டு 100 பாகைக்குக் கீழே கொதிக்கும் திரவமாகும் என்றும் 1871இல் எழுதிவைத்தார்.

இவ்வாறு எதிர்நோக்கிய மூலகங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் நமக்கு இனிமை பயப்பன. ஏக அலுமினியம், ஏக போரன், ஏக சிலிக்கன் என்றார். ‘ஏக’ என்பது ஒன்று எனப் பொருள்படும் வடமொழிச் சொல். அலுமினியத்துக்கு அடுத்த ஓரிடம் தள்ளி நிற்பது ஏக அலுமினியம். இரண்டிடம் தள்ளி நிற்பதற்குத் ‘துவி’ என்ற சொல்லை வழங்கினார். இதைக் கேட்டவுடன், அணு விஞ்ஞானம் முழுவதும் நம் முன்னோர் அறிந்ததே எனச் சாதிக்கப் புகுவோரும் உளர். அது பொருந்தாது. அவர் கடன்கொண்டவை எண்ணுப்பெயர்கள் மட்டுமே. நிறுத்தும் உருக்கியும் வடித்தும் பார்த்த உழைப்பு வேறு பலருடையது. பிறர் உழைப்புக்கு உரிமை கொண்டாடுவது நம் முன்னோர்க்குச் செய்யும் மரியாதையாகாது.

எதிர்வுகூறல் எழுதப்பட்டு நான்கு ஆண்டுகள் சென்றன. 1875இல் பிரான்சு தேசத்து இலகொக் த புவாபோதிரான் என்பவர், பிரனீசு மலைச் சுரங்கமொன்றின் நாகக் கனிப்பொருளை நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் காணாத ஊதாநிறக் கோடுகளைக் கண்டார். புதிய மூலகத்துக்குக் கலியம் எனப் பெயரிட்டார். அதன் அடர்த்தி 4.7 என அளந்தார். அப்பொருளைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், அடர்த்தி 5.9 அளவில் இருத்தல் வேண்டும், மாதிரியைத் தூய்மைசெய்து மீண்டும் அளந்து பார்க்க என்று எழுதினார். கையில் வைத்திருப்பவருக்குக் காணாதவர் புத்தி சொல்வதா? ஆயினும் பிரெஞ்சு அறிஞர் மீண்டும் அளந்தார். 5.9 என்றே வந்தது! சொன்னவரின் துணிவையும், சினங்கொள்ளாது திரும்ப அளந்தவரின் நேர்மையையும் ஒருங்கே போற்றவேண்டும். இக்கலியம் ஏறக்குறைய 30 பாகையில் உருகுவது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அது கட்டியாய் நில்லாது.

1879இல் சுவீடன் நாட்டு நில்சன் ஸ்கந்தியத்தைக் கண்டார். அதுவே ஏக போரன் என அவர் நாட்டவரான கிளீவ் எடுத்துக்காட்டினார். 1886இல் ஜேர்மனியின் பிரைபேர்க்கு நகரில் விங்கிளர் என்பவர் புதிய வெள்ளிக் கனிப்பொருள் ஒன்றைப் பகுத்துப் பார்த்தார். எத்தனை முறை பகுத்தாலும் கூட்டுத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 93க்கு மேற் செல்லவில்லை. எஞ்சிய ஏழு எங்கே? கணக்கை மழுப்பாது பல மாதங்கள் தேடிய அவர், ஈற்றில் புதிய மூலகமொன்றைப் பிரித்தெடுத்து ஜேர்மானியம் எனப் பெயரிட்டார். அதன் அணுநிறை 72.6, அடர்த்தி 5.3; குளோரைட்டு 100 பாகைக்குக் கீழே கொதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஏக சிலிக்கன் கண்முன்னே நின்றது.

எனினும் மெண்டலீவும் மனிதரே. அவர் கூறியவை எல்லாம் பலிக்கவில்லை. ஐதரசனிலும் இலேசான மூலகங்கள் உண்டென அவர் கருதியது பொய்த்தது. 1894இல் றேலி பிரபுவும் இறாம்சேயும் காற்றிலிருந்து ஆகன் வாயுவைப் பிரித்தபோது, அட்டவணையில் அதற்கு இடமில்லாமையால், அது நைதரசனின் வேறொரு வடிவமாகலாம் என அவர் ஐயுற்றார். 1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஆந்திர நாட்டுக் குண்டூரிலிருந்து ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே சூரியனின் ஒளியிற் காணப்பட்ட புதிய மஞ்சட் கோட்டுக்கு உரிய ஈலியம், 1895இல் பூமியிலும் கிடைத்தது. 1898இல் நியோன், கிரிப்தன், செனன் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவை யாவும் எதனோடும் எளிதிற் சேராத ஒரே குலத்தவை. ஒரு தனிக் கூட்டமே வந்து ஓரத்தில் நின்றபோது அட்டவணை சிதையவில்லை. முன்னிலும் அழகுற நிறைவெய்தியது. மெண்டலீவும் பின்னர் அக்கூட்டத்தை ஏற்றுக்கொண்டார். ஆக்கியோனிலும் அவன் கண்ட விதி பெரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு முடிச்சு மட்டும் அவிழாதிருந்தது. அயடீனின் அணுநிறை 126.9, தெலூரியத்தினது 127.6. நிறைப்படி அடுக்கின் அயடீன் முன்னே வரவேண்டும். ஆனால் குணத்தில் அயடீன் குளோரீன், புரோமீன் ஆகியவற்றின் உறவு. மெண்டலீவ் குணத்தையே பெரிதென மதித்துத் தெலூரியத்தை முன்வைத்தார். அதன் நிறை தவறாக அளக்கப்பட்டது என்றும் கூறினார். நிறை சரியாகவே அளக்கப்பட்டிருந்தது. இடம் சரி, சொன்ன காரணம் பிழை.

உண்மைக் காரணத்தை வெளியிட்டவர் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். 1913, 1914ஆம் ஆண்டுகளில் மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அட்டவணையில் ஒன்று, இரண்டு என எண்ணிவரும் வரிசையெண் அணுக்கருவின் மின்னேற்றத்தைக் குறிக்கும் உண்மையான அளவு என நிறுவினார். இதுவே அணுவெண். தெலூரியம் 52, அயடீன் 53. முடிச்சு அவிழ்ந்தது. இனி எங்கெங்கே வெற்றிடம் உண்டென ஐயமின்றி எண்ணிச் சொல்லவும் முடிந்தது. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரியவை இல்லை என அவர் காட்டினார். அடுத்த ஆண்டே, 1915 ஓகஸ்ற் 10ஆம் நாள், உலகப் போரில், கலிப்பொலிப் போர்முனையில் குண்டுபட்டு மாண்டார். வயது இருபத்தேழு. நம் சங்கத்து இளைஞர் பலரின் வயது அது. போர் எதை அழிக்கிறது என்பதை அறிய இவ்வொரு மரணம் போதும்.

அணுவின் உள்ளமைப்பு விளங்கியபின், அட்டவணை ஏன் இவ்வாறு அமைந்தது என்பதும் விளங்கிற்று. கருவைச் சூழ்ந்த இலத்திரன்கள் ஓடு ஓடாக நிறைகின்றன. வெளியோட்டின் அமைப்பு ஒத்திருந்தால் குணமும் ஒத்திருக்கும். ஒரு வரிசையில் இடமிருந்து வலஞ் செல்லும்போது கருவின் ஏற்றம் பெருகி இலத்திரன்களை இறுக இழுக்கிறது. அதனால் அணு பொதுவாகச் சிறுக்கிறது, இலத்திரனைப் பறிப்பது அரிதாகிறது. மேலிருந்து கீழ் இறங்கும்போது புதிய ஓடு சேர்கிறது. அணு பருக்கிறது, வெளி இலத்திரன் எளிதிற் கழல்கிறது. சோடியத்திலிருந்து ஓர் இலத்திரனை நீக்க ஒரு மூலுக்கு 496 கிலோயூல் சக்தி வேண்டும். அதே வரிசையின் ஈற்றிலுள்ள ஆகனுக்கு 1521 வேண்டும். சோடியத்துக்குக் கீழுள்ள பொற்றாசியத்துக்கு 419 போதும். பொற்றாசியம் நீரிற் பட்டவுடன் தீப்பற்றுவதும், ஆகன் எதனோடும் சேராதிருப்பதும் இதனாலேயே. இவ்வொழுங்கிற் சிறு விலகல்களும் உண்டு. நைதரசனுக்கு 1402; அடுத்து நிற்கும் ஒட்சிசனுக்கு 1314. இவ்விலகல்களுக்கும் இலத்திரன்களின் அமைப்பே காரணம் கூறுகிறது.

மோஸ்லி காட்டிய வெற்றிடங்களும் நிரம்பின. 1925இல் 75ஆம் மூலகமான இரேனியம் கிடைத்தது. அதுவே மெண்டலீவின் துவி மங்கனீசு. ஏக மங்கனீசாகிய 43ஆம் மூலகத்தைப் பலர் தேடிக் களைத்தனர். உறுதியான கருவே அதற்கில்லை. 1937இல் இத்தாலியரான பெரியரும் செக்ரேயும், அணுத்துகள்களால் மோதப்பட்ட மொலித்தனத்திலிருந்து அதனைப் பிரித்தறிந்தனர். செயற்கையில் ஆக்கப்பட்டமையால் தெக்கினீசியம் எனப் பெயர் பெற்றது. 61ஆம் மூலகம் 1945இல் அணு உலைப் பொருள்களிடையே கண்டறியப்பட்டது. 1955இல் ஆக்கப்பட்ட 101ஆம் மூலகத்துக்கு மெண்டலீவியம் என்றே பெயரிட்டனர். 113, 115, 117, 118ஆம் மூலகங்களின் பெயர்கள் 2016இல் ஏற்கப்பட்டதோடு ஏழாம் வரிசையும் நிறைந்தது. வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32, கூட்டினால் 118.

ஆகவே வினாக்கள் முடிந்தனவோ எனின், இல்லை. ஐதரசனை எக்கூட்டத்திற் சேர்ப்பது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்கந்தியத்தின் கூட்டத்தில் இலந்தனம் நிற்பதா, இலுத்தேசியம் நிற்பதா என்றும் வாதிடுகின்றனர். 119ஆம் மூலகத்தை ஆக்கும் முயற்சியும் நடைபெறுகிறது.

அறிந்ததை ஒழுங்காக அடுக்குவது கல்வியின் ஒரு பாதி. எது இன்னும் அறியப்படவில்லை என்பதை இடம் சுட்டிக் காட்டுவது மறு பாதி. எல்லாக் கட்டங்களையும் எதையாவது இட்டு நிரப்பியிருந்தால், கலியமும் ஜேர்மானியமும் வந்தபோது அவற்றுக்கு இடமிருந்திராது. எந்த வினாவுக்கும் உடனே விடைகூறிவிட வேண்டும் என்ற அவசரம் பெரியோரிடத்தும் உண்டு, இளைஞரிடத்தும் உண்டு. “இது எனக்குத் தெரியாது, ஆனால் இவ்விடத்தில் ஒன்று இருத்தல் வேண்டும், தேடுவோம்” என்று சொல்லப் பழகுவோமாக. அப்படிச் சொல்லும் மாணவனைப் பெரியோர் ஏளனஞ் செய்யாது ஊக்குவிப்பாராக.